கடைசி விலை என்ன, சார்?

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கும் அந்த ஓய்வுபெற்ற வங்கிக் காசாளரிடம் இரண்டு சேகரிப்புகள் உண்டு. ஒன்று பழைய நாணயங்கள். அவை பீரோவின் மேல்தட்டில், ஆல்பங்களில் இருக்கின்றன. மற்றொன்று நீல அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. அது தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எது அவருக்கு உசத்தி என்பதை வைத்திருக்கும் இடமே சொல்லிவிடும்.

நோட்டில் ஐந்து கட்டங்கள்: தேதி, காசு, சொன்ன விலை, கொடுத்த விலை, மிச்சம். 34 வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்து பழகிய கை என்பதால் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிசகாமல் நிற்கும். பக்கம் முடிந்தால் கூட்டல். அடுத்த பக்கத்தின் தலையில் முன்பக்கத் தொகை. ஒருநாள் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்த அவருடைய மனைவியின் கையில் இந்த நோட்டு சிக்கியது. கடைசிப் பக்கத்தின் அடியில், சிவப்பு மையில், இரட்டைக் கோடு போட்டு 41,350 என்று எழுதியிருந்தது.

“என்னங்க இது?”

“மிச்சம். ஆறு வருஷமா பேரம் பேசியே மிச்சம் பிடிச்சது.”

“நாப்பத்தோராயிரமா? எந்த பாங்க்ல போட்டு வெச்சிருக்கீங்க? எடுத்துக் குடுங்க, கிரைண்டர் மாத்தணும்.”

பணியில் இருந்த காலம் முழுக்க ஒரு ரூபாய் குறைந்தாலும் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து கணக்கை நேர்செய்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். அன்றைக்கு அவருக்குக் கணக்கு இடித்தது.

பேரம் அவருக்குப் புதிதில்லை. 1983ல் வேலைக்குச் சேர்ந்ததும் சம்பளம் வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். 1985 மே மாதம் தீயில் போன அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக்கிளி எல்லாவற்றோடும் பழைய காசும் கிடைத்தது. அங்கே பேரத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கடைக்காரர் பத்து என்பார். இவர் நாலு என்பார். “கட்டுப்படியாகாது சார்” என்பார் அவர். இவர் திரும்பி நடப்பார். அந்த நடைதான் முக்கியம். ரொம்ப வேகமாக நடந்தால் கடைக்காரர் விட்டுவிடுவார். ரொம்ப மெதுவாக நடந்தால் கண்டுபிடித்துவிடுவார். ஆறாவது, ஏழாவது எட்டில் “சரி, வாங்க, போணி நேரம்” என்று குரல் வரும். காசாளர் தன் வாழ்நாளில் கற்ற ஒரே நடனம் அதுதான்.

செல்போனில் அந்த நடனத்துக்கு இடமில்லை. வாட்ஸாப்பில் விலை கேட்டுவிட்டு, படியாமல், ஆத்திரத்தோடு போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். இவர் முதுகைக் காட்டியது எதிராளிக்கு எப்படித் தெரியும்? குளிக்கப் போயிருக்கிறார், அல்லது சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார். ஏழாவது எட்டில் கூப்பிட எட்டும் இல்லை, தெருவும் இல்லை. முதல் ஆறு மாதத்தில் மட்டும் இவர் இப்படிக் கோபித்துக்கொண்டு ‘நடந்து போன’ பதினோரு காசுகளை வேறு பதினோரு பேர் நிம்மதியாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகுதான் புது ஊரின் வழக்கம் பிடிபட்டது. நாணயக் குழுவில் ஒருவர் காசின் இரண்டு பக்கமும் தெரியப் படம் போடுவார். கீழே விலை இருக்கும், இல்லாவிட்டால் “விலைக்குத் தனியே வரவும்” என்றிருக்கும். குழுவில் எல்லார் முன்னாலும் குறைத்துக் கேட்பது மரியாதைக் குறைவு. தனிச் செய்தியில் எவ்வளவு வேண்டுமானாலும் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளலாம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே முறைதான். வெளியே நிற்பவனுக்குத் துண்டு மட்டும் தெரியும். உள்ளே எத்தனை விரல் மடங்கியது என்பது மாட்டுக்கும் தெரியாது. வாட்ஸாப் அந்தத் துண்டை மட்டும் மாற்றியிருக்கிறது.

துண்டுக்குள் நடந்த ஒரு பேச்சை அவரே படித்துக் காட்டியிருக்கிறார். விற்பவர், பேசும் தோரணையை வைத்துப் பார்த்தால், முப்பது வயசுக்குள் இருக்கும் ஒரு சேலத்துப் பையன். பொருள், விக்டோரியா தலை போட்ட ஒரு ரூபாய் வெள்ளி. ஆண்டு 1862. “160 வருடப் பழமை. மிக மிக அரிது. 3,500 மட்டும்” என்று போட்டிருந்தான்.

காசாளர் முதலில் வணக்கம் சொன்னார். பிறகு பாடம் எடுத்தார். “தம்பி, 1862ன்னு போட்டிருக்கறதெல்லாம் 1862ல அடிச்சது இல்ல. 1874 வரைக்கும் வருஷத்தை மாத்தாம அப்படியேதான் அடிச்சாங்க. அதனால விக்டோரியா ரூபாயிலேயே இது சுலபமாக் கிடைக்கறது. 2,000?”

“உங்களுக்கு இவ்ளோ தெரிஞ்சிருக்கு. சுலபமாக் கிடைக்கறது இன்னுமா சார் உங்ககிட்ட இல்ல?”

காசாளர் இருபது நிமிஷம் பதில் போடவில்லை. ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டார். பிறகு, மனசு கேட்காமல், ஒரு கேள்வி கேட்டார். “தேதிக்குக் கீழே புள்ளி ஏதாவது இருக்கா பாருங்க. எத்தனை புள்ளி?”

இந்த ஒரு கேள்விக்காக அவர் பிற்பாடு பலநாள் வருந்தினார். மாறாத அந்த 1862ல் எது எந்த வருஷம் அடித்தது என்று பிரித்துச் சொல்ல, நுணுக்கமான புள்ளிகளை வைத்துத்தான் சேகரிப்பாளர்கள் கணக்குப் போடுவார்கள். பையனுக்கு அதுவரை அது தெரியாது. பூதக்கண்ணாடி எடுத்தான். இரண்டு புள்ளி கண்டுபிடித்தான். கூகுளில் தேடினான். பதில் வந்தது: “ஓ, இது வெரைட்டியா சார்? அப்ப 4,000.”

கடைசியில் 3,400க்கு முடிந்தது. நோட்டில் என்ன எழுதினார் தெரியுமா? சொன்ன விலை 4,000, கொடுத்த விலை 3,400, மிச்சம் 600. இதில் 500 ரூபாய் அவரே ஏற்றிவிட்டு அவரே இறக்கியது. வங்கித் தணிக்கையாளர் யாராவது பார்த்திருந்தால் மெமோ நிச்சயம்.

இணையத்தில் காசு விற்கிறவர்களின் அகராதியில் ‘அரிது’ என்ற சொல்லுக்குப் பொருள் ‘என்னிடம் இருக்கிறது’ என்பதுதான். ‘மிக அரிது’ என்றால் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ‘அன்சர்குலேட்டட்’ என்பதற்குப் புழக்கத்துக்கே போகாத, நாணயச்சாலையிலிருந்து வந்தபடி இருக்கிற காசு என்று பொருள். ஆனால் ராணியின் மூக்கு தேய்ந்து, கன்னம் தேய்ந்து, கிரீடம் எது கொண்டை எது என்று தெரியாமல் போன ரூபாய்க்கும் அதே பட்டம்தான் கிடைக்கிறது. அதற்கு மேல் எப்படித்தான் புழங்கியிருக்க வேண்டும் என்று காசாளர் ஒருதடவை கேட்டுப்பார்த்தார். “சார், எங்க வீட்டுல பொட்டியிலயே இருந்துச்சு” என்று பதில் வந்தது. பெட்டிக்குள் என்ன உப்புத்தாளா விரித்திருந்தார்கள்?

தரத்துக்கும் விலைக்கும் இருக்கிற உறவு பழசு. உலகம் முழுவதும் இன்று காசுகளுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் அளவுகோலை 1949ல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். அவர் அதைச் செய்தது அந்தக்கால அமெரிக்கப் பெரிய செம்பு சென்ட்டுகளுக்காக. 1 மதிப்பெண் வாங்கிய, உருத்தெரியாமல் தேய்ந்த காசின் அடிப்படை விலை இன்னது என்றால், 70 வாங்கிய காசு அதைப்போல எழுபது மடங்கு பெறும் என்பதே அவர் எண்ணம். சந்தை பின்னால் எங்கெங்கோ போய்விட்டது. எழுபது மட்டும் நின்றுவிட்டது. ஆக, காசின் தரம் என்ன என்று கேட்பதற்கும் கடைசி விலை என்ன என்று கேட்பதற்கும் பிறப்பிலேயே பெரிய வித்தியாசம் கிடையாது.

குறை சொல்லி விலை இறக்குவது காசாளரின் இன்னோர் உத்தி. கீறல் இருக்கிறது, ஓரம் நசுங்கியிருக்கிறது, யாரோ பாட்டி காசுமாலையில் கோத்த காது பிய்ந்த அடையாளம் இருக்கிறது. இவற்றையெல்லாம்விடக் கூர்மையான ஆயுதம், “சுத்தம் பண்ணின காசு மாதிரி இருக்கே?” என்ற கேள்வி. பழைய செம்புக்காசின் மேல் காலம் ஏற்றிய பழுப்பு நிறத்துக்குத்தான் மதிப்பு. தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை போய்விடும். இந்தக் கேள்விக்கு எந்த விற்பனையாளரும் நடுங்குவார். ஆனால் ஒரு பொங்கலுக்கு முன்னால், காசாளரின் மனைவி குத்துவிளக்கு துலக்கும்போது, மேஜைமேல் கிடந்த 1835ஆம் வருஷத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணாவையும் பாவம் என்று சேர்த்துப் புளிபோட்டுத் துலக்கிவிட்டார். 180 வருஷப் பழுப்பு பத்து நிமிஷத்தில் போய், காசு தங்கம்போல மின்னியது. “இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு” என்றார் அம்மையார். அதற்குப் பிறகு ஒரு மாதம்வரை, சுத்தம் செய்த காசு என்று யாரையும் குறைசொல்ல காசாளருக்கு நா எழவில்லை.

மற்றோர் உத்தி, குறைந்த எண்ணை முதலிலேயே சொல்லிவிடுவது. அதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. 1974ல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சக்கரம் ஒன்றைச் சுற்றுவார்கள். அது 10ல் அல்லது 65ல் மட்டும் நிற்கும்படி முன்னரே செய்து வைத்திருந்தார்கள். பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் 10ஐப் பார்த்தவர்களின் ஊகம் 25 சதவீதத்தை ஒட்டியும், 65ஐப் பார்த்தவர்களின் ஊகம் 45 சதவீதத்தை ஒட்டியும் இருந்தது. முதலில் காதில் விழும் எண் மனசுக்குள் முளையடித்துவிடுகிறது. மாடு எவ்வளவு சுற்றினாலும் அந்தக் கயிற்றின் நீளத்துக்குத்தான்.

இதைப் படித்துவிட்டுக் காசாளர் பரவசத்தோடு மனைவியிடம் விளக்கினார். அவர் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். “அதனாலதான் நான் காய்காரர்கிட்ட விலையே கேக்கறதில்லை. ‘இருபது ரூபாய்க்குக் கத்திரிக்காய் போடுப்பா’ன்னுதான் சொல்வேன். அவர் போடறதைப் பார்த்துட்டு ‘இன்னும் ரெண்டு போடு’ம்பேன். இதுக்கு எதுக்குச் சக்கரம்?”

இணையப் பேரத்தையே ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஈபே தளத்தில் ‘பெஸ்ட் ஆஃபர்’ என்று ஒரு வசதி உண்டு. போட்டிருக்கும் விலைக்குக் கீழே நாம் ஒரு விலை கேட்கலாம். விற்பவர் ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது நடுவில் ஒரு விலை சொல்லலாம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் நால்வர் இப்படி நடந்த 2.5 கோடிப் பேரங்களை எடுத்துப் பிரித்து 2020ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேரங்கள் எடுத்த எடுப்பிலேயே முடிந்துவிடுகின்றன. மற்றவற்றில், நீ ஒரு படி இறங்கு, நான் ஒரு படி ஏறுகிறேன் என்று நடந்து, இரு விலைக்கும் நட்டநடுவில் சந்திக்கும் ஆசை மனிதர்களிடம் தூக்கலாகத் தெரிகிறது. காசாளர் இதைக் கட்டுரை வருமுன்பே கண்டுபிடித்திருந்தார். 1,000 என்றால் 800 கேட்பவன் 900 கொடுப்பான். 500 கேட்பவன் 750 கொடுப்பான். கூச்சத்தின் விலை 150 ரூபாய்.

அந்த நால்வரில் மூவர் செய்த இன்னோர் ஆய்வு இன்னும் சுவையானது. 100, 200 டாலர் என்று முழு எண்ணில் விலைபோடுகிறவர்களுக்குக் குறைந்த விலைக் கேள்விகளே வருகின்றன. ஆனால் சரக்கு விற்றுப்போகும் வாய்ப்பு அதிகம். முழு எண் என்பது, “எப்படியாவது தள்ளிவிட்டால் போதும்” என்று விற்பவர் காதோடு சொல்லும் ரகசியமாம். அதிலிருந்து 1,000, 2,000 என்று போடுபவர்களைப் பார்த்தால் காசாளருக்குக் கை துறுதுறுக்கும். 1,037 ரூபாய் என்று போடும் கோவைக்காரர் ஒருவர் பக்கம் மட்டும் அவர் போவதே இல்லை. அந்த 37ஐ எங்கிருந்து எடுத்தார் என்று யோசித்து ஓர் இரவு தூக்கம் போனதோடு சரி.

எதிரிக்கும் உத்தி உண்டு. நம் ஊர் விற்பனையாளர்களின் பிரம்மாஸ்திரம், தாத்தாவின் டிரங்குப் பெட்டி. அதிலிருந்துதான் ராமர் பட்டாபிஷேகம் போட்ட ‘1818 கம்பெனி அரையணா’க்கள் புறப்பட்டு வருகின்றன. அனுமன் பறக்கும் 1616ஆம் வருஷத்து ரகமும் உண்டு. விலை லட்சத்தில் சொல்வார்கள். கம்பெனி இப்படி ஒரு காசைப் புழக்கத்துக்கு விட்டதே கிடையாது. பூஜையறைக்கும் திருவிழாக் கடைக்கும் செய்த வில்லைகள் அவை. 2012ல் வந்த வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களுக்கு லட்சம் கிடைக்கும் என்ற வதந்தியும் இன்னும் அடங்கவில்லை. “உங்கள் பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்” என்று தன் பெயரையும் முத்திரையையும் போட்டு மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரிக்க நேர்ந்தது. இந்த வலைகள் எதிலும் காசாளர் விழவில்லை. அவர் விழுந்தது படித்தவர்களுக்காக விரித்த வேறு வலை.

ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 1939ஆம் வருஷத்து ஒரு ரூபாய். பழைய வெள்ளி ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. 1940ல் அதைப் பாதியாக்கிவிட்டார்கள். நல்ல வெள்ளியில் வந்த கடைசி வருஷத்து ரூபாய் என்பதோடு, வெளியில் வந்தது சொற்பம் என்பதால் 1939க்குத் தனி மவுசு. அசலுக்கு விலை பல ஆயிரங்கள். ஒரு ராத்திரி ஒருவர் 5,000க்குப் போட்டார். “அவசரப் பணத்தேவை.” காசாளர் வழக்கம்போலப் பாதிக்கும் கீழே கேட்டார். அவர் இறங்கினார். இவர் இன்னும் கேட்டார். அவர் இன்னும் இறங்கினார். மணி பன்னிரண்டைத் தாண்டியபோது விலை 900ல் நின்றது. காசாளர் தன் பேச்சுத்திறமையைத் தானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனார்.

நாலாம் நாள் தபால் வந்தது. எட்டு மடிப்பு அட்டை, அதன்மேல் ஒரு முழு ரோல் செல்லோடேப். பிளேடு போட்டு, கத்திரி போட்டு, கடைசியில் பல்லும் போட்டுப் பிரித்து, தராசில் வைத்தார். ஒரு ரூபாய் வெள்ளி 11.66 கிராம் இருக்க வேண்டும். பழையபடி சொன்னால் ஒரு தோலா. தராசு 10.2 என்றது. தராசைத் தட்டினார். மறுபடியும் 10.2. பேரன் பொம்மையிலிருந்து காந்தத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். வெள்ளி காந்தத்துக்கு மசியாது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டார்.

போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் அந்த வரி இன்றும் இருக்கிறது. சொன்ன விலை 5,000, கொடுத்த விலை 900, மிச்சம் 4,100. அதாவது 82 சதவீதத் தள்ளுபடி, அவர் வரலாற்றிலேயே அதிகம். காசு போலியாக இருக்கலாம், பேரம் அசல்தானே என்பது அவர் கட்சி.

வெளிநாட்டுப் பேரம் ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1808ல் கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை மாகாணத்துச் செலாவணிக்காக, பர்மிங்காமில் மாத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலையில் பத்துக்காசு, இருபதுகாசு செம்பு நாணயங்களை அடிக்க வைத்தது. அவற்றில் 48 டன்னை ஏற்றிக்கொண்டு ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் சென்னைக்குக் கிளம்பியது. 1809 ஜனவரியில், இங்கிலாந்தின் கரையைக்கூடத் தாண்டாமல், கென்ட் பக்கத்துக் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளித்தவர்கள் லட்சக்கணக்கான காசுகளை அள்ளினார்கள். அதனால் 200 வருஷத்துக்கு மேல் பழைய காசாக இருந்தும் இன்று சாமானியனும் வாங்கும் விலைக்குக் கிடைக்கிறது.

சென்னைக்கு வரவேண்டிய காசு வெளியூர்க் கடையில் கிடப்பது காசாளருக்குப் பொறுக்கவில்லை. ஈபேயில் ஓர் இங்கிலாந்துக் கடையில் பத்துக்காசு ஒன்று 18 பவுண்டுக்கு இருந்தது. 9 பவுண்டு கேட்டார். விரலை எடுப்பதற்குள் மறுப்பு வந்துவிட்டது. இவ்வளவு சுறுசுறுப்பான மனிதரா என்று வியந்தார். இன்ன விலைக்குக் கீழே கேட்டால் தானாகவே தள்ளிவிடு என்று விற்பவர் கணினிக்குச் சொல்லி வைக்கலாம் என்று, லண்டனில் இருக்கும் தங்கை மகன் பிறகு விளக்கினான். மனிதன் முகம் சுளித்தால் பொறுத்துக்கொள்ளலாம். பெட்டி முகம் சுளித்தால்? காசாளர் கோபத்தில் 13 என்று போட்டார். இந்தத் தடவை மனிதரே வந்தார். 16 என்றார். காசாளர், “இந்தக் காசு எங்கள் ஊருக்கு அனுப்பப்பட்டது. நீங்கள் 200 வருஷம் தாமதமாக டெலிவரி செய்கிறீர்கள்” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி 14 கேட்டார். ஆங்கிலேயருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். 15க்கு முடிந்தது.

மிச்சம் மூன்று பவுண்டு, நம் பணத்தில் 300 ரூபாய்க்குச் சற்று மேல். காசாளருக்குக் கணக்கு ஊறியது. அந்தக்காலச் சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய். அப்படிப் பார்த்தால் ரூபாய்க்கு 960 காசு, அதாவது இந்தப் பத்துக்காசு நாணயம் 96. அப்போது 300 ரூபாய் மிச்சத்துக்கு 28,800 நாணயங்கள் வரும். ஒன்று நாலரை கிராமுக்கு மேல் கனம். மொத்தம் 130 கிலோ செம்பை உட்கார்ந்த இடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறேன் என்று அவர் கூடத்தில் அறிவித்தார். “எங்க இறக்கி வைக்கச் சொல்றீங்க?” என்று சமையலறையிலிருந்து கேள்வி வந்தது.

சென்னைக்குத் தபால்செலவு காசின் விலையை நெருங்கியதால், அதை லண்டன் முகவரிக்கே அனுப்பச் சொன்னார். தங்கை மகன் கல்யாணத்துக்கு வந்தபோது, மீனம்பாக்கத்தில் இறங்கி, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஒரு கப்பலால் முடியாததை அவன் முடித்தான். காசாளர் ஏர்போர்ட் வாசலிலேயே கேட்டார்: “அங்க கடைத்தெருவுல இன்னும் மலிவாக் கிடைக்குமாடா?”

போன புரட்டாசியில் நடந்ததுதான் கடைசி நிகழ்ச்சி. புதுக்கோட்டைப் பக்கத்து விற்பனையாளர் ஒருவரிடமிருந்து, பின்பக்கம் புலி நடக்கும் 1947ஆம் வருஷத்து நிக்கல் ரூபாயும் அரை ரூபாயும் கேட்டிருந்தார். இரண்டும் சேர்த்து 450 என்றார் அவர். மூன்று நாள் பேசி 380 ஆனது. தபால் செலவில் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார் காசாளர். பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், என் கையில் இல்லை சார் என்றார் அவர். அதையும் பேசிப் பாதியைக் கழித்துக்கொண்டார்.

உறை வந்தது. புலிகள் இரண்டும் இருந்தன. கூடவே நாலாக மடித்த காகிதத்தில் இன்னொன்றும் இருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, கறுத்த செம்புக்காசு. ஒருபக்கம் அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். மறுபக்கம் ‘விஜய’ என்று தெலுங்கில் மூன்று எழுத்து. புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் அம்மன்காசு. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் பெயரில் வந்தது. இருபது சேர்ந்தால் ஓரணா. நவராத்திரியில் சமஸ்தானம் ஏழைகளுக்கு அரிசி போடும்போது கூடவே இந்தக் காசும் கொடுப்பது அந்த ஊர் வழக்கமாக இருந்தது. காகிதத்தில் பால்பாயின்ட் பேனாவில் ‘கொசுறு’ என்று எழுதியிருந்தது.

காசாளர் நோட்டை எடுத்தார். தேதி எழுதினார். அம்மன்காசு என்று எழுதினார். சொன்ன விலைக் கட்டத்தில் பேனா நின்றது. கொடுத்த விலையும் இல்லை. ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றுமில்லாததைக் கழித்து மிச்சம் எழுத 34 வருஷ அனுபவம் இடம் கொடுக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் கணக்கு அழகு கெடும். அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

“தம்பி, அந்த அம்மன்காசு... என்ன விலை போட்டுக்கட்டும்?”

“அய்யோ, அது சும்மா சார். நவராத்திரி ஆச்சே, வெச்சுக்குங்க.”

“அதெல்லாம் முறையில்ல. ஒரு விலை சொல்லுங்க.”

“வேணாம் சார்.”

“நோட்டுல எழுதணும்ப்பா. ஏதாவது ஒரு விலை சொல்லுங்க.”

எதிர்முனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை. மிக்சி ஓடும் ஒலியும் குழந்தை ஒன்று அழும் ஒலியும் கேட்டன.

“சரி சார், உங்க திருப்திக்கு. அம்பது ரூபா வெச்சுக்குங்க.”

காசாளர் பேனாவை எடுத்து ஐம்பது என்று எழுதினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“முப்பதுன்னா முடிச்சுக்கலாமா?”